மூக்காயி பாட்டும் உயிரோட ஒப்பாரி கேட்ட ராசாவும்

எந்த ஊருன்னு கேக்காதீங்க, சொன்னா அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க. ஏதோ ஒரு ஊரு. அந்த ஊர்ல ஒரு பொண்ணு இருந்தாளாம், பேரு மூக்காயி. அவளுக்கு முன்னாடி பொறந்த பிள்ளைங்க ஒண்ணு கூடத் தங்கல, அதனால இவ பொறந்ததும் மூக்கக் குத்தி, குப்பையில ஒரு தடவ போட்டு எடுத்து, மூக்காயின்னு பேரு வச்சா அவ ஆத்தா. அப்படி வச்சா எமன் பாத்துட்டு, இது நமக்கு எதுக்குன்னு தாண்டிப் போயிருவானாம். தாண்டித்தான் போனான். ஆனா சும்மா போகல, பிள்ளைய விட்டுட்டு ஆத்தாவக் கூட்டிட்டுப் போயிட்டான். அப்பனும் முன்னயே இல்ல. மூக்காயி ஒத்தையா நின்னா.

அவகிட்ட இருந்தது ஒரு கின்னாரம். கின்னாரம்னா என்னன்னு முழிக்கிறீங்க. கொட்டாங்கச்சிக்குத் தோல் போத்தி, அதுல மூங்கில் குச்சி சொருகி, ஒரு நரம்பு கட்டி, சின்ன வில்லால இழுத்தா கீய்ன்னு மனுசக் குரல் மாதிரியே அழும், அதான். அதத் தூக்கிட்டு மூக்காயி ஊர் ஊராப் போவா. கல்யாண வீடுன்னா கல்யாணப் பாட்டு, களத்து மேடுன்னா அறுப்புப் பாட்டு, பிள்ளை பொறந்த வீடுன்னா தாலாட்டு. கேட்டவங்க கேட்டதப் பாடிட்டு, கொடுத்தவங்க கொடுத்த தானியத்த மடியில வாங்கிட்டு வருவா. அதெல்லாம் ஊருக்குப் பாடுறது. தனக்குன்னு ஒரு பாட்டு வச்சிருந்தா, அத மட்டும் யாருக்கும் பாடமாட்டா.

அது அவளே கட்டுன பாட்டு. ஆத்தா போன பிறகு, ஒரு அடி இன்னைக்கு, ஒரு அடி இன்னொரு நாளைக்குன்னு, அழுக வரும்போது வந்தத எல்லாம் கோத்து வச்சா. அவ ஆத்தா புல்லறுக்குற ஒரு ஓடைக்கரை உண்டு. உச்சிவெயில் நேரத்துல அந்தப் பக்கம் ஒரு குஞ்சு போகாது. ஏன்னா உச்சிப் பொழுதுலதான் பேய் நடமாடும்னு ஊரே பயந்து கெடக்கும். மூக்காயிக்கும் பயம்தான். ஆனா மனுசங்க இல்லாத எடம் அது ஒண்ணுதானே. அங்க போயி, கின்னாரத்த மடியில சாச்சு, மெல்லப் பாடுவா.

இடி இடிக்கும் வேளையில
எனக்கு முந்தி நீ நடுங்கி
என் காதப் பொத்தினியே
உன் காத விட்டினியே
என்னப் பெத்த பூவாயி

முள்ளுக் காட்டுப் பாதையில
முன்னால நீ நடந்து
என் தடத்த மிதிடின்னு
எல்லா முள்ளும் வாங்கினியே
என்னப் பெத்த பூவாயி

பூவாயிங்கிறது ஆத்தா பேரு. அந்தப் பேரு வர்ற எடத்துல கின்னாரத்த நிறுத்திட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பா. அந்தக் கொஞ்ச நேரம் ஆத்தா பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருக்குமாம் அவளுக்கு. அதுக்காகத்தான் அந்தப் பாட்டே.

இப்ப ராசாவுக்கு வருவோம். அந்த நாட்டு ராசா பேரு செங்கட்டாரி. பேரக் கேட்டாலே கறந்த பாலு திரிஞ்சு போகும்னு வச்சுக்கங்க. அவன் புறப்படுற நேரத்துல ஒருத்தன் தும்மிட்டான்னு மூக்க அறுக்கச் சொன்னவன். குழம்புல உப்புக் கொறஞ்சா கொதிக்கிற குழம்ப சமையக்காரி மேலயே ஊத்துறவன். ஆனா அவனுக்கும் ஒரு நோவு இருந்துச்சு. முதுகுக்குப் பின்னால ஜனங்க தன்னப் பத்தி என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியாம அவனுக்குச் சோறு எறங்காது. திரைக்குப் பின்னால ஒளிஞ்சு நிப்பான், கதவுல காத வைப்பான், ஒருத்தனும் ஒண்ணும் பேசமாட்டான். பயத்துல எவனுக்கு வாய் வரும்?

அந்த ராசா ஒரு நாள் பல்லக்குல ஓடைக்கரை வழியா வந்தான். வெயில் மண்டையப் பொளக்குது, பல்லக்குத் தூக்கிங்க பேய்க்குப் பயந்து வேகமா ஓடுறாங்க. அப்ப அந்தப் பாட்டு கேட்டுச்சு. கேட்டதும் முன்னால தூக்குனவன் நடை தளர்ந்துச்சு, பின்னால தூக்குனவன் மூக்க உறிஞ்சினான், அப்புறம் எல்லாருமாப் பல்லக்கக் கீழ வச்சுட்டு மண்ணுல உக்காந்து அழுதுட்டாங்க. ராசா வாள உருவிட்டு வெளிய தலைய நீட்டினான். நீட்டினவன் காதுலயும் பாட்டு விழுந்துச்சு. வாளு அப்படியே நின்னுச்சு.

அவளக் கூப்பிட்டு விட்டான். வந்தா. யாருக்காக அழுறன்னு கேட்டான். ஆத்தாவுக்குன்னா. ஆத்தா எந்த அரமனைன்னு கேட்டான். புல்லறுத்தவ ராசான்னா. ராசாவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. புல்லறுத்தவளுக்கே இப்படி ஒரு அழுகைன்னா, நான் செத்தா இந்த நாடு எப்படி அழும்? அத நான் கேக்க முடியாதே. செத்துப்போனவன் காதுக்கு எது கேக்கும்? இப்படி நெனச்சுக்கிட்டே போனான். அன்னைக்கும் சோறு எறங்கல, மறுநாளும் எறங்கல. அதுக்கப்புறம் ஆள விட்டு மூக்காயியக் கோட்டைக்குக் கூட்டி வரச் சொன்னான்.

கூட்டி வந்து நிறுத்தி, எனக்கு ஒப்பாரி பாடுன்னான்.

ஏய் சின்னவனே, சிரிக்காத. சிரிக்கிற சங்கதி இல்ல இது. சாவு விழாத வீட்ல ஒப்பாரி வைக்கக் கூடாது. விளையாட்டுக்குக் கூட மாரடிச்சு அழக் கூடாது. பொம்மைக்குச் சடங்கு பண்ணி அழுத பிள்ளைகள நான் வெளக்குமாத்தால விரட்டியிருக்கேன். ஏன்னா சாவு இல்லாத வீட்ல அழுக சத்தம் கேட்டா, எமன் வாசல்ல வந்து நின்னு யாருக்குன்னு கேப்பானாம். அந்த நாட்டுல இன்னும் ஒரு வழக்கம் இருந்துச்சு. ஒருத்தரப் பேரச் சொல்லி அழுது, ஜனங்க தலமுழுகிட்டா, அந்த ஆளு போயாச்சு. அப்புறம் அந்த உருவத்துல எது வந்து நின்னாலும் அது ஆளு இல்ல, பேய். தூர தேசம் போனவன் செத்துட்டான்னு அழுது முழுகின பிறகு திரும்பி வந்திருக்கான், பெத்த தாயே கதவத் தொறக்கல. அப்பேர்ப்பட்ட வழக்கம்.

மூக்காயி கால்ல விழுந்தா. ராசா, உங்களுக்குப் புகழ்ப் பாட்டு கட்டுறேன், போர்ப் பாட்டு கட்டுறேன், ஊஞ்சப் பாட்டு கட்டுறேன், இது மட்டும் வேணாம்னா. அவன் கேக்கல.

"புதுசா ஒண்ணும் கட்ட வேணாம். ஓடைக்கரையில பாடுனியே, அந்தப் பாட்டு. அதுல உன் ஆத்தா பேர எடுத்துட்டு என் பேரப் போடு. அவ்வளவுதான்."

அவளுக்குத் தலை போயிருமேங்கிற பயம் ஒரு பக்கம். உயிரோட இருக்குற மனுசனப் பேரச் சொல்லி அழுது அனுப்புற பாவம் ஒரு பக்கம். அதெல்லாத்தையும் விடப் பெருசா இன்னொரு பயம். அந்தப் பேர எடுத்துட்டா ஆத்தா எங்க போவா? உலகத்துல அவ ஆத்தாவுக்குன்னு மிச்சம் இருந்தது அந்தப் பாட்டுல ஒரு எடம்தான். அதையும் ராசா கேக்குறான்.

புதுசாவே ஒண்ணு கட்டித் தர்றேன், இதவிட நல்லா அழுக வரும், நாலு பேர விசாரிக்க மட்டும் விடுங்கன்னு கெஞ்சினா. சரி போய் விசாரி, ஆனா எல்லாரும் அழணும், எவன் கண்ணு காஞ்சிருக்கோ அந்தக் கண்ண நோண்டிருவேன், உன் தலையையும் எடுத்துருவேன்னு சொல்லி அனுப்பினான்.

ஒப்பாரி கட்டணும்னா, செத்தவரு நமக்கு என்ன செஞ்சாருன்னு ஒரு சங்கதி வேணும். அது இல்லாம வெறும் ஐயோ ஐயோன்னா எவனுக்கும் அழுக வராது. அதனால மொதல்ல பல்லக்குத் தூக்கிகிட்ட போனா. அண்ணே, ராசா உனக்கு செஞ்ச நல்லது ஒண்ணு சொல்லுன்னா. அவன் ரொம்ப நேரம் யோசிச்சான். ஒரு நாள் ராசா எங்கயும் போகல, தோளுக்கு ஓய்வா இருந்துச்சுன்னான்.

அப்புறம் சமையக்காரிகிட்ட போனா. அக்கா, ராசா உனக்கு செஞ்ச நல்லது ஒண்ணு சொல்லுன்னா. அவ கையில குழம்பு ஊத்துன தழும்பு கெடந்துச்சு. அதத் தடவிக்கிட்டே யோசிச்சா. ஒரு தடவ ராசா காய்ச்சல்ல படுத்து ஒண்ணும் சாப்பிடல, அன்னைக்கு நானும் என் பிள்ளைங்களும் பயமில்லாம உக்காந்து சாப்பிட்டோம்னா.

அப்புறம் ராணிகிட்ட போனா. தாயே, ராசா உங்களுக்கு செஞ்ச நல்லது ஒண்ணு சொல்லுங்கன்னா. ராணி கதவப் பாத்தா, திரையப் பாத்தா, திரைக்குக் கீழ யாரு காலாவது தெரியுதான்னு குனிஞ்சு பாத்தா. அப்புறம் மூக்காயி காதுகிட்ட வந்தா.

"பொண்ணே, இங்க ஒண்ணும் கெடைக்காது. உன் ஆத்தா பாட்டையே கொடுத்துரு. அதுலதான் எங்களுக்கு அழுக வரும்."

பாருங்க, கட்டுன பொண்டாட்டி சொல்ற பேச்சு இது.

நாள் வந்துச்சு. கோட்டை முற்றத்துல ஜனம் கூடியிருச்சு, ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்குக் கேக்குது, அப்படி ஒரு பயம். ராசாவுக்கோ கல்யாணக் களை. எல்லாம் முறையா இருக்கணும்னு சொல்லிட்டான். நடுமுற்றத்துல பெஞ்சு போடச் சொன்னான், தெக்க தலை வச்சுப் படுத்தான், எண்ணெய் வைக்கச் சொன்னான், கால் கட்டைவிரல் ரெண்டையும் சேத்துக் கட்டச் சொன்னான், கையக் கட்டச் சொன்னான், நெத்தியில காசு வைக்கச் சொன்னான், மாலை போடச் சொன்னான். கட்டினவன் லேசாக் கட்டினான். இன்னும் இறுக்கிக் கட்டுடான்னு அதட்டிட்டு, கடைசியாத் தாடைக்கும் துணி கட்ட வச்சான். இது நல்லா இல்ல ராசான்னு சொல்ல அங்க ஒரு வாய் இல்ல.

மூக்காயி தலைமாட்டுல உக்காந்தா. அவளுக்குப் பின்னால வாளோட ஒரு காவக்காரன். கின்னாரத்த எடுத்து இழுத்தா. கை நடுங்குனதுல நரம்பும் நடுங்கி, அந்தச் சத்தம் கேட்டதுமே பாதிப் பேருக்குக் கண்ணு கலங்கிருச்சு. இடி இடிக்கும் வேளையிலன்னு எடுத்தா. காதப் பொத்தினியேன்னு வந்தா. உன் காத விட்டினியேன்னு வந்தா. பேரு வர்ற எடம் வந்துச்சு. நிறுத்திட்டா.

பூவாயின்னு வரணும். அந்த எடத்துல வேற எந்தப் பேரும் இதுவரைக்கும் போனதில்ல. ராசா ஒரு கண்ணத் தொறந்தான். கட்டுன கையில ஒரு விரல மட்டும் ஆட்டினான். வாளு அவ கழுத்துல வந்து குளுகுளுன்னு உக்காந்துச்சு. ஆத்தா, என்ன மன்னிச்சிருன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு, மூக்காயி கண்ண மூடிக்கிட்டுப் பாடினா.

என்னப் பெத்த ராசாவே
செங்கட்டாரி போனியே

அவ்வளவுதான், முற்றம் முழுக்க ஓன்னு அழுதுச்சு. பல்லக்குத் தூக்கி தன் அப்பன நெனச்சு அழுதான். சமையக்காரி செத்த பிள்ளைய நெனச்சு அழுதா. ராணி யார நெனச்சு அழுதாளோ, மாரடிச்சு அழுதா. ஒவ்வொருத்தரும் தன் வீட்டுச் சாவ எடுத்து வச்சு அழுறாங்க, ஆனா வாயில வர்றது பாட்டுல இருக்குற பேரு. ராசாவே, செங்கட்டாரின்னு அழுறாங்க. அவனுக்குப் பூரிப்புத் தாங்கல. மூடுன கண்ணுல இருந்து அவனுக்கே கண்ணீர் வழியுது. ஆகா, நம்மள இவ்வளவு பிரியமா வச்சிருக்காங்களேன்னு உருகிக் கெடந்தான்.

அழுது முடிஞ்சுச்சு. முடிஞ்சதும் என்ன செய்வாங்க? எத்தனையோ சாவுக்கு அழுது பழகுன ஜனம். கை கால் தானா அடுத்த வேலைக்குப் போயிருச்சு. யாரும் யாருகிட்டயும் ஒண்ணும் பேசல. ஒருத்தி எழுந்திருச்சு முற்றத்துல தண்ணி ஊத்திக் கழுவ ஆரம்பிச்சா. ராணி ஒரு குடம் தண்ணிய எடுத்துத் தன் தலையில கவுத்துக்கிட்டா. அப்புறம் எல்லாரும் திரும்பிப் பாக்காம ஆத்துக்குப் போனாங்க. அவளுக்குப் பின்னால நின்ன காவக்காரன் கூட வாள அங்கயே போட்டுட்டு முழுகப் போயிட்டான். பின்னால ராசா, ம்ம் ம்ம்னு கத்துறான். தாடையக் கட்டியிருக்கே, எப்படிப் பேசுவான்? காலக் கட்டியிருக்கே, எப்படி எழுந்திருப்பான்? அந்த ம்ம் சத்தம் காதுல விழுந்தவங்க இன்னும் வேகமா நடந்தாங்க. பொணம் முனகுதுன்னா நின்னு கேப்பாங்களா?

ஒரு வழியாக் கட்ட எல்லாம் உருவிட்டு அவன் எழுந்திருச்சான். எவனையும் காணோம். கோபமா, சிரிப்பான்னு தெரியாத ஒரு மூஞ்சியோட ஆத்துக்கு நடந்தான். நெத்தியில காசு ஒட்டியிருக்கு, கழுத்துல மாலை, தாடைத் துணி ஒரு காதுல தொங்குது, ஒடம்பெல்லாம் எண்ணெய். உச்சிவெயில் வேற. முழுகிட்டு ஈரத்துணியோட கரையேறுன ஜனம் பாத்துச்சு. செங்கட்டாரி வர்றான்.

ஈரத்துணி காலத் தடுக்க, விழுந்து எழுந்து ஓடுனாங்க பாருங்க, ஊரு ஒரு நொடியில கதவ அடைச்சிருச்சு.

ராசா மொதல்ல பல்லக்குத் தூக்கி வீட்டுக்குப் போனான். டேய் தொறடா, நான் ராசா வந்திருக்கேன்னு தட்டினான். உள்ள இருந்து வாசப்படிக்கு ஒரு அருவா வந்து விழுந்துச்சு, இரும்பக் கண்டா பேய் தாண்டாதுல்ல. தூக்குறவன் கதவத் தொறக்காமலே, போயிரு சாமி, உனக்கு அழுதாச்சுன்னான்.

அப்புறம் சமையக்காரி வீட்டுக்குப் போனான். பசிக்குது, கஞ்சி ஊத்துன்னான். அவ மொளகாயும் உப்பும் எடுத்துச் சுத்தி அடுப்புல போட்டா, நெடி கெளம்பி அவன் கண்ணு மூக்கெல்லாம் எரிஞ்சுச்சு. பிள்ளைகளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, போயிரு சாமி, உனக்கு அழுதாச்சுன்னா.

அப்புறம் கோட்டைக்கே போனான். கோட்டைக் கதவுல வேப்பிலை சொருகியிருந்துச்சு. மேல சாளரத்துல ராணி நின்னா, வெள்ளச் சீலையில, ஈரத் தலையோட. அடியே, நான் சாகலடி, என்னப் பாருடின்னு கத்தினான். பேயின்னா அப்படித்தானே சொல்லும், சாகலன்னு. ராணி அவனக் கொஞ்ச நேரம் பாத்தா. போங்க, உங்களுக்கு அழுதாச்சுன்னா. சாளரத்தச் சாத்திட்டா. அவ நெசமாவே பயந்தாளா, பயந்த மாதிரி நின்னாளான்னு என்னக் கேட்டா எனக்கு என்ன தெரியும்? நான் அந்தப் பக்கம் போகல.

ஜனம் முழுகப் போனப்பவே நழுவி வந்த மூக்காயி, இதெதுவும் தெரியாம ஓடைக்கரையில உக்காந்திருந்தா. உயிரோட இருந்தவன அழுது கொன்னுட்டோம்னு அவளுக்கு ஒடம்பு காயுது. ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேக்கலாம்னு பாட்ட எடுத்தா. காதப் பொத்தினியே, உன் காத விட்டினியேன்னு வந்தா. பேரு வர்ற எடத்துல செங்கட்டாரின்னு வந்துச்சு. திரும்ப எடுத்தா, திரும்பவும் செங்கட்டாரி. மூணாந்தடவ பல்லக் கடிச்சுக்கிட்டு எடுத்தா, அப்பவும் அதே பேரு. பூவாயிங்கிற பேரு அவ வாய்க்குள்ளயே இல்ல. அவளுக்கு வந்த பயத்த என்னன்னு சொல்றது. கழுத்துல வாளு இருந்தப்ப கூட அவ இப்படிப் பயப்படல.

அப்ப பின்னால சருகு நொறுங்குற சத்தம். திரும்பினா, செங்கட்டாரி நிக்கிறான்.

அவ எழுந்திருக்கிறதுக்குள்ள அவன் கிட்ட வந்தான். நீதானே பாடி அனுப்புன, நீயே வந்து சொல்லு, நான் உயிரோடதான் இருக்கேன்னு ஊருக்குச் சொல்லுன்னான். அவ பயத்துல தலையக் குனிஞ்சா. குனிஞ்சவ கண்ணுக்கு அவன் காலு தெரிஞ்சுச்சு. பேய்க்குக் கால் தரையில பாவாதும்பாங்க. இது பாவியிருந்துச்சு. செருப்பில்லாம கருவக்காட்டு வழியா வந்ததுல முள்ளுக் குத்தி, பெருவிரல்ல ரத்தம் வழியுது. ஈ மொய்க்குது. பேய்க்கு ஏது ரத்தம்?

ஆகா, இவன் சாகல. நாம கொல்லலன்னு அவளுக்கு ஒரு மூச்சு வந்துச்சு. அவன் உயிரோட இருக்கான்னு அந்த நாட்டுல தெரிஞ்ச ஒரே ஆளு அவதான். கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி, ஏ ஜனங்களா, பாருங்க ரத்தம்னு காட்டினா முடிஞ்சுது, அவன் திரும்ப ராசா. பாவமாத்தான் இருந்துச்சு அவளுக்கு. முள்ளு குத்துன காலு யாருதா இருந்தா என்ன. அதனால ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"நான் சொல்றேன் ராசா. சொல்லி, நீங்க திரும்பக் கோட்டைக்குப் போனா, என்ன செய்வீங்க?"

அந்த நேரத்துலயாவது ஒரு நல்ல வார்த்த சொல்லியிருக்கலாம். பொய்யாவாவது சொல்லியிருக்கலாம். புத்தி இருந்தாத்தானே.

"கதவ அடைச்சவன் கைய எல்லாம் வெட்டுவேன். ராணியச் சுவத்துக்குள்ள வச்சுப் பூசுவேன். அப்புறம் நீ இன்னொரு தடவ பாடணும். தாடைத் துணி காத அடைச்சதுல எனக்குச் சரியாக் கேக்கல."

மூக்காயி அவன நிமிந்து பாத்தா. அப்புறம் கின்னாரத்த இடுப்புல சொருகினா. எந்திரிச்சா. ஐயோ பேய், செங்கட்டாரி பேய்னு கத்திக்கிட்டு ஊரப் பாத்து ஓடினா.

என்ன, பொய்யின்னு சொல்றியா பெரியவளே? பொய்தான். நான் இல்லைன்னு சொல்லல. நீயா இருந்தா என்ன செஞ்சிருப்பன்னு படுத்து யோசி.

தெருத் தெருவா ஓடினா. நான் பாத்தேன், காலு தரையில பாவல, கண்ணுல முழி இல்லன்னு ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லிக்கிட்டே ஓடினா. தொண்டை கிழியுற வரைக்கும் அந்தப் பேரக் கத்தினா. அவளே பாடுனவ, அவளே சொல்லிட்டான்னா அப்புறம் சந்தேகம் எங்க இருக்கு? ஜனம் பறையும் தகரமும் தட்டிக்கிட்டு, வேப்பங்கொழையும் தீப்பந்தமுமா கெளம்பி, செங்கட்டாரிய எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் விரட்டிட்டுத்தான் மூச்சு விட்டுச்சு. அதுக்கப்புறம் ராணியே நாட்ட ஆண்டா. எவன் தும்மினாலும் மூக்கு அவன்கிட்டயே இருந்துச்சு.

செங்கட்டாரி பக்கத்து நாட்டுக்குப் போனான். நான்தான் செங்கட்டாரி ராசா, எனக்குப் படை கொடுங்கன்னான். அங்க ஒரு பொம்பள நாத்து நட்டுக்கிட்டே அந்த ஒப்பாரியப் பாடிக்கிட்டு இருந்தா. பாட்டுக்குக் காலு உண்டே, அவனுக்கு முந்தியே அது போயிருச்சு. செங்கட்டாரியா, அவருக்குத்தான் அழுதாச்சேன்னா. அடுத்த நாட்டுக்குப் போனான், அங்கயும் பாட்டு முந்தியிருந்துச்சு. அதுக்கும் அடுத்த நாட்டுக்குப் போனான், அங்க தெருவுல விளையாடுற பிள்ளைங்க கூட அவன் பேரச் சொல்லி அழுது காட்டுச்சுங்க. தன்னப் பத்தி ஊரு என்ன பேசுதுன்னு கேக்கணும்னு அலைஞ்சான்ல. போற எடமெல்லாம் கேட்டான். காதப் பொத்திக்கிட்டு ஓடினான்.

மூக்காயி என்ன ஆனான்னு கேக்கலையே நீங்க. மறுநாள் உச்சிப் பொழுதுல அவ ஓடைக்கரைக்குப் போனா. கின்னாரத்த எடுத்தாளே தவிர, ரொம்ப நேரம் வில்ல வைக்கல. அந்தப் பேரு வந்துருமோன்னு பயம். திரும்பவும் அதே வந்துட்டா, அப்புறம் ஆத்தாவ எங்க போய்த் தேடுறது? தொண்டை வேற கத்திக் கத்திப் புண்ணா இருக்கு. சரி, வந்தது வரட்டும்னு எடுத்தா. கரகரன்னு வருது குரலு. காதப் பொத்தினியேன்னு வந்தா. உன் காத விட்டினியேன்னு வந்தா. வாயத் தொறந்தா.

என்னப் பெத்த பூவாயி.

வந்துருச்சு. கத்தின கத்துல அந்தக் கெட்ட பேரு மொத்தமும் வெளிய போயிருச்சு போல. அவ கின்னாரத்தக் கீழ வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தா. ஊரு பூரா அந்தப் பாட்ட ராசா பேருல பாடுச்சு, அவ ஒருத்தியையும் திருத்தல. பாடிட்டுப் போகட்டும். அவ பாடுறது அவ பாடுறதுதான்.

அதனால பிள்ளைகளா, அடுத்தவங்க அழுகைய அதிகாரம் பண்ணி வாங்கக் கூடாது. வாங்கினா அதோட போய்த்தான் ஆகணும். செங்கட்டாரி இன்னமும் ஏதாவது ஒரு ஊருக்கு நடந்துக்கிட்டுத்தான் இருக்கானாம். ஒரு வேள நம்ம கதவத் தட்டி, நான் சாகல, தொறங்கன்னு சொன்னா, நீங்க என்ன சொல்லணும்?

ஆங். உனக்கு அழுதாச்சுன்னு சொல்லணும். சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கங்க.